மூன்று குப்பிகளும் மூன்றாம் ஓலையும்

பெரிய துரை போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

வாய்க்கால் மராமத்து இலாகாவுக்கே அவர் பெரிய துரை. தாமிரபரணிக் கரையில் இருந்த கிளை ஆபீஸைப் பார்வையிட மாசி மாதம் வருவதாகக் கடிதம் போட்டவர், அதன் முதல் பாரா முழுவதும் கடைமடை மதகைப் பற்றிக் கேட்டிருந்தார். மதகு உடைந்து இரண்டு வருஷமாகிறது, நாலு ஊர் வயல் காய்கிறது, என்ன செய்தீர்கள் என்று. கடைசி வரியில், தாம் ஹாங்காங்கில் இருந்த நாளில் காண்டன் சீனர்கள் தேன் பூசித் தீயில் தொங்கவிட்டுச் சுட்டுத் தந்த பன்றி இறைச்சியை இன்னும் மறக்க முடியவில்லை என்றும், அதற்கு எந்த ஒயின் பொருந்தும் என்பது மட்டும் தமக்கு இன்றுவரை பிடிபடவில்லை என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டு, எழுதியதையே மறந்தும் போனார்.

ஆபீஸ் மறக்கவில்லை. முதல் பாராவின் ஓரத்தில் 'பிறகு பார்க்கலாம்' என்று குறித்தார்கள். கடைசி வரிக்குத் தனிக் கட்டுத் திறந்து, நம்பர் போட்டு, நாடா கட்டி, 'ஒயின் பொருத்தக் கமிட்டி' என்று ஒன்றை நியமித்தார்கள்.

தலைவர், மேனேஜர் திருஞானசம்பந்தம். முட்டை உடைத்த வீட்டில் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்காத சைவர். காரியதரிசி, ஹெட் கிளார்க் தேவசிகாமணி. நற்கனிபுரம் கிறிஸ்தவச் சபையில் மதுவிலக்குச் சங்கத்தை ஆரம்பித்தவரும், அதன் விதிகளை எழுதியவரும், அதற்குக் காரியதரிசியும் அவரே. இருமல் மருந்தைக்கூட மூன்று தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். மூன்றாவது உறுப்பினர் லீவில் இருந்தார். ஆக, ஒருவர் கறியைத் தொடமாட்டார், மற்றவர் ஒயினைத் தொடமாட்டார். கமிட்டி எந்தப் பக்கமும் சாயாது என்று பெரிய துரைக்குப் பதில் போயிற்று.

முதல் கூட்டத்தில் மேனேஜர் பேசினார்.

"நான் இந்தப் பண்டத்தைத் தின்னதில்ல, திங்கவும் மாட்டேன். ஆனா தின்னவன்தான் தீர்ப்புச் சொல்லணும்னா இந்த ஆபீஸ் ஒரு நாள் நடக்குமா? பாக்காத மடையைப் பாத்ததா எழுதியிருக்கேன். இல்லாத கரைமேல நடந்ததா எழுதியிருக்கேன். இருபத்தாறு வருசத்துல ஒரு எழுத்து தப்புன்னு மேலேருந்து வந்தது கிடையாது. ஏன்? மேல இருக்கவங்களும் பாக்கல. அதுதான் நிர்வாகம். இறைச்சி சிவப்பு. கிளாரெட் ஒயின் சிவப்பு. பொருத்தம் முடிஞ்சுபோச்சு."

"ஹாக் ஒயின் வெள்ளை," என்றார் தேவசிகாமணி. "துரையும் வெள்ளை. அதையும் யோசிக்கணும்லா?"

இந்தக் கருத்தில் கனம் இருந்தபடியால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாம் கூட்டத்தில் போர்ட் ஒயினும் பட்டியலில் சேர்ந்தது. மூன்றாம் கூட்டத்தில் இரண்டாம் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வாசிக்கப்பட்டது. நான்காம் கூட்டத்தில்தான், அந்த இறைச்சியைச் சுடத் தெரிந்தவன் ஒருவனும் கைவசம் இல்லை என்பது கமிட்டியின் கவனத்துக்கு வந்தது. வாசலில் நின்ற டவாலி சேவகன் சங்கிலிபூதத்தான் தலையை உள்ளே நீட்டினான்.

"நம்ம வாய்க்கால்ல மண் அள்ளுதாருல்லா அப்பாத்துரை, அவரு பினாங்குல சீனன் கடையில வருசக்கணக்கா பன்னி சுட்டவருய்யா."

இப்படித்தான் அப்பாத்துரை வந்து அகப்பட்டார்.

ஐம்பதைத் தொட்ட ஆள். மண்வெட்டி பிடித்துப் பிடித்து விரல்கள் நேரே நீளாது. முப்பது வயதில் மனைவி கனியையும் கைக்குழந்தை யூனிஸையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார். பினாங்குத் துறையில் மூட்டை சுமந்தார். முதுகு விட்டுப்போனதும் ஒரு காண்டன்காரனுடைய சுடுகறிக் கடையில் அடுப்பாளாக ஒண்டிக்கொண்டார். மொத்தம் பதினொரு வருஷம். அங்கேதான் எழுத்தும் படித்தார். மகள் மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகியதும் அப்பாவுக்குக் கடுதாசி போட்டாள். அதைக் கடைத்தெருவில் ஒருவன் நாலு பேர் நடுவே ஓங்கி வாசித்தான். 'அப்பா, எனக்கு முன்பல் விழுந்துவிட்டது' என்ற இடத்தில் நாலு பேரும் சிரித்தார்கள். பெற்ற பிள்ளையின் பல் விழுந்தது ஊரெல்லாம் கேட்டபிறகா எனக்குத் தெரியவேண்டும் என்று அன்றைக்கே ஒரு சிலேட்டு வாங்கினார். வேலை முடிந்த உடம்போடு உட்கார்ந்தால் எழுத்து ஒவ்வொன்றும் இறைச்சி மாட்டுகிற கொக்கியாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஒன்றரை வருஷம் கழித்து ஒரு கடுதாசி போட்டார். ஒரே வரி. 'யூனிஸ், இது அப்பா கையால் எழுதினது.'

அதை அவள் வேதப்புத்தகத்தின் அட்டைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள்.

ஊர் திரும்பி மதுவிலக்குச் சங்கத்தில் சேர்ந்தபோது, உறுதிச்சீட்டில் மற்றக் கூலிக்காரர்கள் எல்லாம் கைநாட்டு வைத்தார்கள். அப்பாத்துரை மட்டும் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தேவசிகாமணி அந்தச் சீட்டைச் சபைக்குத் தூக்கிக் காட்டினார். அப்பாத்துரை ஊரில் போட்ட முதல் கையெழுத்து அது.

இப்போது யூனிஸுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வன்னியராஜ், சாத்தான்குளம் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். அவன் அப்பா கிருபைராஜ் அந்தச் சபைக்கு உபதேசியார். மண் சுமக்கிறவன் மகளா என்று முகம் சுளித்தவர், அவள் தையலைப் பிரித்துக் காட்டிய அந்த ஒற்றை வரிக் கடுதாசியைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "எழுத்தறிஞ்ச வீடு, அது போதும்" என்று சம்மதித்தார். கல்யாணத்துக்கு முன் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிக்கவேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உண்டானால் சொல்லலாம் என்று பாதிரி ஐயர் சபையைக் கேட்பார். இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது வருகிற ஞாயிறு. செவ்வாய் கல்யாணம். புதன்கிழமை லெந்து என்கிற தபசு நாள் தொடங்கிவிடும். அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் கோவிலில் கல்யாணம் இல்லை. மூன்றாம் ஓலை நின்றுபோன பெண்ணுக்காக ஈஸ்டர் வரை எவன் காத்திருப்பான்?

அந்த வாரம் புதன்கிழமைதான் ஆபீஸ் கொல்லையில் பரீட்சை வைத்தார்கள்.

அப்பாத்துரை விடிந்ததுமே வந்துவிட்டார். பெரிய மண்தாழி ஒன்றின் அடியை உடைத்துக் கவிழ்த்து, உள்ளே கரி மூட்டினார். தேனுக்குப் பனம்பாகு. அதோடு உப்பு, அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு, மிளகு, பினாங்கிலிருந்து கொண்டுவந்து பரணில் வைத்திருந்த ஜாடியில் மிச்சமிருந்த சீனத்துக் கறுப்புச் சாறு. முந்தின நாளே ஊறவைத்த இறைச்சியை நீளநீளமாகக் கொக்கியில் மாட்டி உள்ளே இறக்கினார். பாகு உருகி, ஓரம் கருகி, கொழுப்பு கரியில் சொட்டி எழுந்த வாசம் வாய்க்கால் கரை வரைக்கும் போனது.

மேனேஜர் கற்பூரத்தை முகர்ந்துகொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கம் நாற்காலியில் இருந்தார். மாசிக் காற்று ஒரு நிலையில் நிற்கவில்லை. காற்று திரும்பும்போதெல்லாம் சங்கிலிபூதத்தானும் இன்னொரு சேவகனும் மேனேஜரை நாற்காலியோடு தூக்கி எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். அதிகாரி எழுந்து நடந்தால் கூட்டம் கலைந்ததாக அர்த்தம் என்று விதி இருந்தது.

தேவசிகாமணி மூன்று குப்பிகளையும் கொறட்டால் பிடித்து மேசைமேல் வைத்தார். ஒன்று கிளாரெட், இரண்டு ஹாக், மூன்று போர்ட்.

"ஏலே அப்பாத்துரை, கறியைத் தின்னு. ஒவ்வொண்ணுலயும் மூணு மடக்கு குடி. கேக்கதுக்குப் பதில் சொல்லு."

அப்பாத்துரை கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "நானா? ஐயா, நான் சுடத்தானே வந்தேன்."

"பின்ன, மேனேஜர் ஐயா கறி திம்பாவளா? நான் குடிப்பேனா?"

"நானும் குடிக்கமாட்டேன்யா. சங்கத்துச் சீட்டுல கையெழுத்துப் போட்டிருக்கேன். நீங்கதான வாங்குனிய."

"அது சங்கம் லே. இது ஆபீஸ்." தேவசிகாமணிக்குக் கோபமே வரவில்லை. வகுப்பெடுக்கிறவர்போல நிதானமாகச் சொன்னார். "ஆபீஸ்ல எனக்குச் சங்கத்தைத் தெரியாது. சங்கத்துல எனக்கு ஆபீஸைத் தெரியாது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டா மனுசன் நேர்மையா இருக்க முடியுமா, சொல்லு."

"மகளுக்கு ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலைய்யா."

"அது சபைக் காரியம். இங்க பேசாத. குடிக்கமாட்டேன்னா சர்க்கார் விசாரணையை மறிச்சதா எழுதிருவேன், போலீஸ் கச்சேரிக்கு இழுப்பாவ. அப்புறம் ஓலை எப்படி நடக்கும்?"

அப்பாத்துரை மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அந்தச் சமயம் காற்றில் போய்க்கொண்டிருந்தார்.

"பைய தூக்குங்கலே!" என்றது மட்டும் கேட்டது.

உண்மையே சொல்லுவேன் என்று வேதப்புத்தகத்தின் மேல் அப்பாத்துரையிடம் சத்தியம் வாங்கினார்கள். பிறகு ஊற்றினார்கள். சாட்சியம் எழுதுகிற அச்சுப் பாரத்தில் பதினாறு கட்டம் இருந்தது. நிறம், மணம், நாவில் தங்கும் நேரம், இறைச்சியோடு இணங்கிப் போகும் குணம், எதிர்த்துப் பேசும் குணம், மேலதிகாரிக்கு உகந்ததா என்று போயிற்று. நாவில் தங்கும் நேரத்தை வாய்க்கால் ஓட்டம் அளக்கிற கடிகாரத்தால் அளந்தார்கள்.

பதினொரு வருஷம் வாசத்திலேயே கிடந்த நாக்கு. சத்தியமும் பண்ணியாகிவிட்டது. அப்பாத்துரைக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"முதல் குப்பி சிவப்பு, வாழைக்காய்க் கறை மாதிரி நாக்கைப் பிடிக்கிய்யா. பாகுல பட்டதும் கசக்கு. மூணாவது குப்பி பாகுக்கு மேலயே பாகை ஊத்துன மாதிரி, தெகட்டுது. நடுக் குப்பிதான் கொஞ்சம் சேருது. அதுல ஒரு புளிப்பும் லேசா ஒரு இனிப்பும் இருக்கு. கொழுப்பை அறுத்துட்டு, கருகல் வாசத்தை விட்டுவைக்கி."

தேவசிகாமணியின் பேனா ஓடியது.

"ஆனா ஒண்ணுய்யா. எங்க மொதலாளி இதோட ஒயினே வைக்கமாட்டான். பால் சேக்காத தேத்தண்ணி, சுடச்சுட. அதுதான் வாயைக் கழுவி அடுத்த துண்டுக்கு இடம் விடும்."

பேனா நின்றது.

"தேத்தண்ணி இந்தக் கமிட்டியோட அதிகாரத்துக்குள்ள வராது," என்றார் மேனேஜர் தூரத்திலிருந்து. "அடிச்சிரும்."

அடித்துவிட்டார்கள். கீழே சாட்சி கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைத் தேவசிகாமணி விரலால் காட்டினார். அப்பாத்துரை பேனாவை வாங்கி, எப்போதும்போல நாக்கைக் கடித்துக்கொண்டு, பெயரை எழுதினார். சிவப்புக்குச் சிவப்பே பொருத்தம், கிளாரெட்தான் என்று கமிட்டி அன்றைக்கே முடிவுசெய்தது. சாட்சியம் கட்டோடு சேர்க்கப்பட்டது. குப்பிகள் மூன்றும் தேவசிகாமணியின் அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டன. இறைச்சியைச் சங்கிலிபூதத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

வெள்ளிக்கிழமை மாலை நற்கனிபுரத்தில் சபைக் கமிட்டி கூடியது. அப்பாத்துரையை வரச்சொல்லி ஆள் வந்தது. போனால், ஐயருக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு தேவசிகாமணி இருந்தார். கையில் இரண்டு காகிதம்.

ஜெபம் முடிந்ததும் அவர் எழுந்தார். குரலில் நிஜமான துக்கம் இருந்தது.

"சகோதரரே, நம்ம சபைக்கு ஒரு துயரம் வந்திருக்கு. சங்கத்துல கையெழுத்துப் போட்ட ஒருத்தர் போன புதன்கிழமை பட்டப்பகல்ல ஒயின் குடிச்சதா நம்பத்தகுந்த ஒருத்தர் மூலமா எனக்குத் தெரியவந்தது."

"யாருய்யா அந்த நம்பத்தகுந்த ஆளு?" என்றார் அப்பாத்துரை.

"ஆபீஸ் ஹெட் கிளார்க்."

யாரும் சிரிக்கவில்லை.

"நீங்கதானய்யா ஊத்துனிய!"

"ஹெட் கிளார்க் என்ன செஞ்சாருன்னு சபை விசாரிக்க முடியாது, அப்பாத்துரை. அது ராஜாங்கத்துல தலையிடுதது." இங்கே சபையில் அவர் 'லே' போடுவதில்லை. "இதோ உறுதிச்சீட்டு. இதோ சாட்சியம். ரெண்டுலயும் ஒரே கையெழுத்து. 'நடுக் குப்பிதான் கொஞ்சம் சேருது'ன்னு ருசி பாத்துச் சொல்லியிருக்காரு. அறியாம குடிச்சவன் பேச்சா இது? என் மனசு கிடந்து பதறுது. இவரை நான் உருட்டி மெரட்டிக் குடிக்கவச்சேன்னே வைங்க. அந்த மெரட்டலுக்கு அசையாம நின்னிருந்தா அதுல்லா விசுவாசம்?"

ஐயர் வயதானவர். சங்கத்து விதிப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினாலாம் விதி தெளிவாக இருந்தது. தன் கையால் கையெழுத்துப் போட்டு மீறியவன் சபைக்குப் புறம்பு. அவன் வீட்டு ஓலை வாசிக்கப்படாது. கைநாட்டு வைத்தவன் மீறினால் அறியாமை என்று எண்ணி ஒரு புத்திமதியோடு விட்டுவிடலாம்.

"ஐயா, திருவிருந்துல நமக்கெல்லாம் ஒயின்தானய்யா குடுக்கிய?" என்று கேட்டார் அப்பாத்துரை. அது அவருடைய கடைசிக் கேள்வி.

"அது ஐயர் கையால குடுக்குதது. இது ஆபீஸ் கையால குடுத்தது," என்றார் தேவசிகாமணி. "கை வேற."

மூன்றாம் ஓலை இல்லை என்று தீர்ப்பாயிற்று. அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. கனி சுவரைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாரையும்போல கைநாட்டு வச்சிருந்தீருன்னா புத்திமதியோட போயிருக்கும். எழுதத் தெரியும்னு காட்டுனீரு பாத்தீரா."

யூனிஸ் கல்யாணச் சேலையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். "அப்பாவை ஏசாதீங்கம்மா," என்றாள்.

சனிக்கிழமை காலை அப்பாத்துரை ஆபீஸுக்குப் போய் ஹெட் கிளார்க் காலில் விழுந்தார். ஆபீஸில் தேவசிகாமணி இரக்கமுள்ள மனுஷர்.

"எந்திரிலே. கல்யாணக் காரியம், எனக்கு மட்டும் மனசு இல்லையா? ராத்திரியெல்லாம் யோசிச்சேன். வழி இருக்கு."

"என்னய்யா?"

"உனக்கு எழுதத் தெரியாது."

அப்பாத்துரை புரியாமல் பார்த்தார்.

"எழுதத் தெரியாதவன் எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பான்? சீட்டுல உள்ளது எவனோ உன் பேருக்குப் போட்டது. சாட்சியத்துல உள்ளதும் எவனோ போட்டது. அப்போ பதினாலாம் விதி உன்மேல பாயாது. உனக்கு எழுத்துத் தெரியாதுன்னு ஆபீஸ் ஒரு சர்டிபிகேட் குடுக்கும். சபை அதை ஒத்துக்கிடும்."

"ஒத்துக்கிடுவாவளா?"

"சங்கத்துக் காரியதரிசிகிட்ட கேட்டாச்சு," என்றார் தேவசிகாமணி. "ஒத்துக்கிடுதாராம்."

அங்கேயே வேலை நடந்தது. சங்கத்துக் காரியதரிசி ஹெட் கிளார்க்குக்கு ஒரு கடிதம் எழுதி, மேற்படி ஆளுக்கு எழுத்துத் தெரியுமா என்று கேட்டார். ஹெட் கிளார்க் அதை வாங்கித் தேதி போட்டு, முத்திரை குத்தி, மேசையில் கொஞ்ச நேரம் கிடக்கவிட்டார். வந்த உடனே பதில் போட்டால் ஆபீஸுக்கு மரியாதை இல்லை. பிறகு பதில் எழுதினார். இங்க் பெட்டியைத் திறந்து வைத்தார்.

"எழுத்துத் தெரியாதவனுக்கு வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கைநாட்டு வாங்கணும். விதி. கேளு." ஓங்கி வாசித்தார். "'இதன் கீழ் கைநாட்டு வைத்துள்ள அப்பாத்துரை ஆகிய எனக்கு எழுதவும் படிக்கவும் தெரியாது. என் பேரில் உள்ள கையெழுத்துகள் நான் இட்டவை அல்ல.' அவ்வளவுதான். வை."

காகிதத்தில் இரண்டு வரி அல்ல, ஐந்து வரி இருந்தது.

அப்பாத்துரையின் கண் பழக்கத்தில் கீழே இறங்கியது. 'கமிட்டியின் வசம் இருந்த மூன்று குப்பி ஒயினையும் அறியாமையால் நானே எடுத்து முழுவதும் குடித்துவிட்டேன். ஆகையால் இனி என்னைச் சர்க்கார் வாய்க்கால் வேலைக்குச் சேர்க்கலாகாது என்பதற்குச் சம்மதிக்கிறேன்.'

தலையை நிமிர்த்தினார். தேவசிகாமணிக்குப் பின்னால் அலமாரி பாதி திறந்திருந்தது. மூன்று குப்பிகளும் நின்றன. வெயில் அவற்றின் வழியே ஊடுருவி அலமாரியின் பின்பலகையில் விழுந்தது. மூன்றும் காலி.

"என்னலே பாக்க?"

கேட்டால் என்ன ஆகும்? அந்த மூன்று வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், அதை எப்படிப் படித்தாய் என்று கேட்பார். படித்தேன் என்றால் எழுத்துத் தெரியும். எழுத்துத் தெரிந்தால் ஓலை இல்லை.

"ஒண்ணுமில்லைய்யா," என்றார் அப்பாத்துரை. "எனக்கு என்ன தெரியும்."

இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி, காட்டிய இடத்தில் வைத்தார்.

"இன்னொண்ணு," என்றார் தேவசிகாமணி, மை காய ஊதிக்கொண்டே. "செவ்வாக்கிழமை கல்யாணப் புஸ்தகத்துலயும் இதே பெருவிரல்தான். பேனாவைத் தொட்டியோ, இந்த சர்டிபிகேட் பொய்யாயிரும். ஓலையும் செல்லாது, கல்யாணமும் செல்லாது. ஞாபகம் இருக்கட்டும்."

வாசலில் சங்கிலிபூதத்தான் ஒட்டிக்கொண்டு நின்றான். கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தான்.

"வே அப்பாத்துரை, அந்த அலமாரிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு மேனேஜர் மடியில, ஒண்ணு ஹெட் கிளார்க் மடியில. உள்ள குப்பி காலி. நீரு குடிச்சதா எழுதிரணும்னு ரெண்டு பேரும் பேசுனதக் கேட்டேன். நாலு நாளா மேனேஜர் கற்பூரத்தை விடாம மோந்துக்கிட்டு இருக்காரு, ஹெட் கிளார்க் ஏலக்காயா மெல்லுதாரு. நீரு எங்கவே குடிச்சீரு?"

"பேசாம வாரும்."

வீட்டில் கனியிடம் சொன்னார். "ஓலை வாசிப்பாவ. இன்னையிலேர்ந்து எனக்கு எழுத்துத் தெரியாது. கோவில் புஸ்தகத்துலயும் கைநாட்டுதான். மாத்தி நடந்தா கல்யாணம் செல்லாது." உள்ளே சேலை மடிக்கிற சத்தம் நின்றது. சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை உண்டானால் சொல்லலாம் என்று ஐயர் கேட்டபோது தேவசிகாமணி கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பெரிய துரை வந்தார். இனி வேலைக்கு ஆகாத அப்பாத்துரையை, வேறு யாருக்கும் சுடத் தெரியாதபடியால், அன்று ஒரு நாளைக்கு மட்டும் வரச்சொன்னார்கள். புதிதாக வாங்கிய கிளாரெட் குப்பி மேசை நடுவே நின்றது. ஒயின் பொருத்தம் பற்றி மேனேஜர் முப்பது நிமிஷம் உபந்நியாசம் செய்தார். இறைச்சி ஆறி, பாகு இறுகி, மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. துரை ஒரு துண்டை முள்ளால் புரட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். சொன்னார்கள். அப்படியா என்றார். தம் பையிலிருந்து பிராந்தியையும் சோடாவையும் எடுத்துக் கலந்து குடித்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். படி இறங்கும்போது, மதகு என்ன ஆயிற்று என்றார். அதற்கும் ஒரு கமிட்டி போட்டுவிடுகிறோம் என்றார் மேனேஜர். துரை மிகவும் சந்தோஷப்பட்டார். பொருத்தம் திருப்திகரமாக நிறைவேறியது என்று எழுதிக் கட்டை மூடினார்கள்.

செவ்வாய்க்கிழமை கல்யாணம் நடந்தது.

ஆராதனை முடிந்து புத்தகத்தை விரித்தார்கள். வன்னியராஜ் போட்டான். யூனிஸ் போட்டாள். உபதேசியார் கிருபைராஜ் கண்ணாடியை மாட்டி, வாலை நீட்டிச் சுழித்துத் தம் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவைச் சம்பந்தியிடம் நீட்டினார்.

"வாரும். உம்ம கையெழுத்தைத்தான் கடுதாசியில பாத்திருக்கேனே. குண்டுகுண்டா இருக்கும்."

அப்பாத்துரையின் கை தானாக நீண்டது. பேனாவுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றது. மறுபக்கத்திலிருந்து தேவசிகாமணி இங்க் பெட்டியை மெல்லத் தள்ளினார்.

பெருவிரலை வைத்தார்.

உபதேசியார் பேனாவை நீட்டியபடியே நின்றார்.

"அப்போ அந்தக் கடுதாசி?" என்றார் மருமகளைப் பார்த்து. "அப்பா கையால எழுதினதுன்னு காட்டுனியே, தாயி?"

யூனிஸ் அப்பாவைப் பார்க்கவில்லை. புத்தகத்தில் ஈரம் காயாத கறுப்பு வட்டத்தைப் பார்த்தாள்.

"இல்ல மாமா. பினாங்குல யாரோ எழுதிக் குடுத்தது. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. நாந்தான் பெருமைக்குப் பொய் சொன்னேன்."

"முதல் நாளே பொய்யா?" என்றார் உபதேசியார். வன்னியராஜ் தரையைப் பார்த்தான்.

தேவசிகாமணி குனிந்து, கைநாட்டுக்குப் பக்கத்தில் அழகான எழுத்தில் எழுதினார். 'இது எழுத்தறியாத அப்பாத்துரையின் பெருவிரல் ரேகை.' பிறகு புதுப் பெண்ணுக்குச் சத்தியத்தின் மேன்மையைப் பற்றி நாலு வார்த்தை புத்திமதி சொன்னார்.

அப்பாத்துரை மைப்பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். மகள் வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்தபடி தலைகுனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள். அட்டையின் தையல் இருந்த இடத்தை அவள் கட்டைவிரல் அழுத்தி மூடியிருந்தது.